இரண்டடி பின்னால்

ஸ்டியரிங் இறுகுகிறது. முதலில் என் கைதான் அசந்துவிட்டது என்று நினைத்தேன். விடிந்ததிலிருந்து ஈரத்திலும் சேற்றிலும் கிடந்த கை, சக்கரத்துக்கு அடியில் கல் அள்ளிப் போட்ட கை, விறைத்துப் போயிருக்கும் என்று ஒரு தடவை உதறிவிட்டுப் பிடித்தேன். அப்படியும் வளைவில் வண்டி வளைய மாட்டேன் என்கிறது, வளைந்த பிறகு நிமிர மாட்டேன் என்கிறது. அடியில் எங்கேயோ டொக்கென்று ஒரு சத்தம். கண் தானாகக் கீழே போனது. பெரிய கியர் குச்சிக்குப் பக்கத்தில் குட்டையாக நிற்கிற சின்ன கியர், மேலே மண் ரோட்டில் நான் எங்கே தள்ளிவிட்டேனோ அங்கேயே நிற்கிறது. ஃபோர் வீல், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியர். வெயிலில் காய்ந்து கிடக்கிற தார் ரோட்டில், இறக்கத்தில், ஃபோர் வீலில் வந்துகொண்டிருக்கிறேன். அட முட்டாளே, தவசி. மண் ரோடு முடிகிற பாலத்தில் சின்ன கியரைப் பின்னுக்கு இழுத்து டூ வீலுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது என்ன மாற்றுவது, சாப்பிட்டவன் கை கழுவுகிற மாதிரி அது தானாக நடக்கும், அதற்கென்று யோசிக்கிறவன் யார். ஆனால் பாலத்தில் என் இடது கையில் போன் இருந்தது. அந்தப் பாலத்தில் மட்டும் ஒரு வாசல் அளவுக்கு டவர் கிடைக்கும். சட்டைப் பையில் துடித்ததை எடுத்துக் காதில் வைத்தேன். அத்தை, என் பெண்டாட்டி சோதியின் அம்மா. "மாப்ள, காலையில இருந்து சோதிக்கு வயித்துல அசைவே இல்லங்குறா மாப்ள, ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு..." அவ்வளவுதான். வாசலைத் தாண்டிவிட்டேன். அசைவே இல்லை என்றால் என்ன அர்த்தம். எப்போதிலிருந்து இல்லை. காலையில் என்றால் விடியற்காலையா, எழுந்து காப்பி குடித்த பிறகா. வண்டியை அங்கேயே நிறுத்திப் பின்னால் ஒரு அடி எடுத்திருந்தால் மறுபடி டவர் வந்திருக்கும். எடுக்க முடியாது. இன்றைக்கு எதற்காகவும் பின்னால் எடுக்க முடியாது. இறங்கி நடந்து போகலாமே என்று தோன்றுவதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டேன். அடுத்த டவர் கருப்பு கோயில் வளைவில். அதற்கு இடையில் கொண்டை ஊசிகள் எல்லாம் கிடக்கின்றன.

தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்குப் பின்னால், லோடு ஏற்றுகிற இடத்தில், சன்னாசியண்ணன் படுத்திருக்கிறார். படுத்திருக்கிறார் என்றுதான் மனசு சொல்கிறது. கோரைப்பாயில் சுருட்டி, மேலே அவருடைய வேட்டியையே போர்த்தி, கயிறு போட்டு அலுங்காமல் கட்டியிருக்கிறது. பக்கத்தில் அவர் சம்சாரம் ராக்கம்மாக்கா. வண்டியின் பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பங்காளி பெரியகருப்பனும் எஸ்டேட்டுக்காரர்கள் சிலரும். மிளகுத் தோட்டத்துக் காவலுக்கு மேலேயே குடிசை போட்டுக்கொண்டு கிடந்த மனிதர், காலையில் பலாமரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பலாப்பழம் ஏற்றப் போயிருந்தேன். ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ரோடு களியாகிக் கிடக்கிறது, வேறு எந்த வண்டியும் மேலே ஏறாது, இவரை அடிவாரத்தில் சொந்த ஊருக்குக் கொண்டு போக வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். என் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்றால் யாரும் மேலே பேச மாட்டார்கள். பிள்ளைத்தாச்சி புருசன் பிணம் தூக்கக் கூடாது, காடு வரைக்கும் போகக் கூடாது, கோழி கூட அறுக்கக் கூடாது. நாவு வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ராக்கம்மாக்கா என்னைப் பார்க்காமல் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு, "தவசி வண்டியிலதான் அவரு எப்பவும் போவாரு" என்றது. அதற்கு மேல் என்ன சொல்வது. சரி என்றேன். ஆனால் தூக்கவில்லை. அதை மட்டும் செய்யவில்லை. எல்லாரும் தூக்கி ஏற்றும்போது டயரில் காற்று பார்க்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். ஓட்டுவது தூக்குவதில் சேருமா. தோளில் வைத்தால்தான் தூக்குவதா. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அவர் தலை இருக்கிறது, வண்டியின் மொத்தக் கனமும் என் கையில் இருக்கிறது, இதற்குப் பெயர் தூக்குவது இல்லை என்றால் வேறு என்ன. இதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை நான் என்று டீக்கடையில் எத்தனை தடவை பேசியிருக்கிறேன். பேச்சுக்கென்ன, வாய் வலிக்குமா. தனக்கென்று வரும்போதுதான் தெரிகிறது. அதிலும் இன்றைக்குச் சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது. அதற்காகப் பெரியகருப்பன் ஒரு கோழியைப் பிடித்து, காலில் சணல் போட்டு, பின் கதவுக் கொக்கியில் கட்டச் சொன்னார். துணைக்கு அது போய்விட்டால் வேறு யாரையும் கேட்காது என்று. மண் ரோடு முழுக்க அந்தக் கோழி கொக்கரித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு கத்தல். அது கத்தும்போதெல்லாம், சரி, இருக்கிறது, இருக்கிறது என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டது.

இழுத்துப் பார்ப்போம். ஆக்ஸிலேட்டரை விட்டேன், கிளட்சை மிதித்தேன், சின்ன கியரைப் பின்னுக்கு இழுத்தேன். அசையவில்லை. உள்ளங்கையை வைத்துத் தட்டினேன். கல்லில் நட்ட கம்பி மாதிரி நிற்கிறது. தெரிந்ததுதான். மண்ணில் என்றால் சக்கரங்கள் வழுக்கி வழுக்கித் தங்கள் கணக்கைச் சரி செய்துகொள்ளும். தாரில் வழுக்காது. பாடை தூக்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும். தெரு முக்கில் திரும்பும்போது உள்பக்கத்து ஆள் நின்ற இடத்திலேயே சின்ன அடியாக வைப்பான், வெளிப்பக்கத்து ஆள் எட்டிப் போடுவான், முன்னால் இருப்பவன் வேறு தினுசு, பின்னால் இருப்பவன் வேறு தினுசு. நாலு பேரும் ஒரே அடிதான் வைப்போம் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? பாடை முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்குத்தான் இப்போது அடியில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாலத்திலிருந்து இதுவரை எத்தனை வளைவு வந்தேனோ அத்தனை முறுக்கு. ஏறிய முறுக்கு பல்லைக் கடித்துக்கொண்டு சின்ன கியரை விடாது. எனக்கு ஏன் இப்போது பாடை ஞாபகம் வர வேண்டும். கட்டில் தூக்குகிறவர்கள் என்று நினைத்திருக்கலாம். கட்டில் தூக்கி வாசலில் திருப்புகிற மாதிரி என்று நினைத்திருக்கலாம். கட்டில் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டில். வேண்டாம். எதை நினைத்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. இந்த முறுக்கை அவிழ்க்க வழி இல்லாமல் இல்லை. மலையில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த வழி. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸ் போட்டு, இரண்டடி பின்னால் போனால் போதும். வந்த முறுக்கு வந்த வழியே அவிழ்ந்துவிடும், விரல் பட்டாலே சின்ன கியர் வந்து விழும். இரண்டடி. ஒரு ஆள் நீளம் கூட இல்லை. அந்த இரண்டடிதான் இன்றைக்கு என்னால் முடியாது. கிளம்பும்போது பெரியகருப்பன் என் கதவுப் பக்கம் வந்து, சன்னலில் கை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "தம்பி, பள்ளமோ மேடோ, முன்னாடி போறதுதான். பொணம் ஏத்துன வண்டி பின்வாங்கக் கூடாது. வாங்குச்சுன்னா இன்னொரு உசுரக் கேக்கும். எங்கப்பன் காலத்துல கேட்டிருக்கு." யாருடைய உயிரை என்று நான் கேட்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தவனுடையதாகத்தான் இருக்கும். அல்லது அவனுக்கு நெருங்கினது. இன்னும் பிறக்காதது என்றால் கேட்பதற்கு இன்னும் சுலபம். சை.

இப்படியே ஓட்டிவிட்டால் என்ன? மெதுவாக, முதல் கியரில், ஊர்ந்து ஊர்ந்து. இதோ ஒரு வளைவு. ஒடிக்கிறேன். இரண்டு கையும் சேர்ந்து, தோள்பட்டை போட்டு இழுத்தால்தான் வருகிறது. வண்டி பள்ளத்துப் பக்கமாகவே போகிறது, போகிறது, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கல் கண்ணாடிக்கு நேராக வருகிறது, கடைசியில் முன் சக்கரம் கிறீச்சென்று தாரில் தேய்ந்து எகிறி ஒரு முழம் தள்ளி விழுந்தது. பின்னால் யாரோ "ஏப்பா, பாத்து" என்றார்கள். அடியில் மறுபடி டொக். எதுவோ ஒன்று இறுகி இறுகி, உடையப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறது. இதுவே சின்ன வளைவு. கொண்டை ஊசியில் என்ன செய்வேன்? எப்போதும் ஒரே வீச்சில் திரும்புகிற இடத்தில் பாதி திரும்பி, மூக்கு பள்ளத்தில் நீட்டிக்கொண்டு நின்றுவிடும். நின்றால் அங்கே ரிவர்ஸ் எடுக்காமல் முடியாது. இங்கே நல்ல இடத்தில் இரண்டடி எடுக்காதவன் அங்கே பள்ளத்தின் விளிம்பில் பத்தடி எடுக்க வேண்டும். அதற்குள் முன் அச்சில் ஏதாவது போய்விட்டால் ரிவர்சும் இல்லை, ஒன்றும் இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கிற எல்லாரோடும் நேராகக் கீழே. ஓரத்து மண்ணில் இறக்கி வழுக்கவிட்டு அவிழ்க்கலாமா? மண் இருப்பது பள்ளத்துப் பக்கம்தான், ராத்திரி மழையில் ஊறி உப்பிப் போயிருக்கிறது, சக்கரம் வைத்தால் கரையோடு போகும். மலைப் பக்கம் ஓடை. அதில் இறங்கினால் ஏறாது. ஆக எல்லா வழியும் அடைத்து ஒரே வழியைத் திறந்து வைத்திருக்கிறார் யாரோ ஒருவர். சன்னாசியண்ணனா? சேச்சே. அந்த மனிதர் ஒரு எறும்புக்குக் கூட வழி விட்டு நடக்கிறவர்.

இங்கே ஒன்று அசைய மாட்டேன் என்கிறது, அங்கே ஒன்று அசையவில்லை. இப்படி நினைக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் நினைக்கிறேன். சின்ன கியர் அசைந்தால் பிள்ளையும் அசைந்துவிடும் என்று எவனோ என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். அப்படியென்றால் அசை, அசை என்று குச்சியின் கொண்டையைப் பிடித்து ஆட்டுகிறேன். ஆனால் அது அசைய வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் பிள்ளையைக் கேட்கும். பிள்ளை அசைய வேண்டுமென்றால் குச்சி அசைய வேண்டும், குச்சி அசைந்தால் பிள்ளை. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறேன், செக்கு மாடு கூட ஒரு சுற்றுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் தரும். போன தடவை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. நாகசோதி அன்றைக்குக் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் வலிக்கவில்லை, சும்மா ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். நான் தோசையை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். அதற்கு அப்புறம் ஒரு வருசம் தோசைக் கல்லைப் பரணில் போட்டுவிட்டாள். இந்தத் தடவை ஏழாம் மாதம் தாண்டியதும் அவளாகவே அதை இறக்கினாள். ராத்திரி என் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைப்பாள். "இங்க. இல்ல, இங்கிட்டு. இப்பப் பாருங்க." உள்ளேயிருந்து ஒரு முட்டல். எனக்கு அது முதல் தடவை சிரிப்பாக வந்தது. எவ்வளவு பெரிய லோடு ஏற்றினாலும் அந்த முட்டலின் கனம் கைக்கு வராது. அவள் இப்போது எங்கே இருப்பாள்? ஆட்டோவிலா, ஆஸ்பத்திரி பெஞ்சிலா, உள்ளே படுக்க வைத்துவிட்டார்களா? என்னைக் கேட்டிருப்பாள். மலைக்குப் போயிருக்கிறார், டவர் இல்லை என்று அத்தை சொல்லியிருக்கும். நான் எதை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று தெரிந்தால் அவள் என்ன சொல்வாள். சொல்லவே மாட்டாள். பார்ப்பாள். பிள்ளைக்கு ஒன்றென்றால் அந்தப் பார்வையோடு நான் ஆயுசுக்கும் சோறு தின்ன வேண்டும். பிணம் ஏற்றியதை நான் சொல்லாமல் விட்டாலும் அவள் காதுக்கு வந்து சேரும், ஊர் வாய் சும்மா இருக்குமா.

கோழி கத்தவில்லை. இது எப்போது தோன்றியது என்று தெரியவில்லை. கத்தவில்லை. பாலத்தில் கத்தியதா? அதற்கு முந்தின குலுக்கலில் கத்தியது, நிச்சயமாகக் கத்தியது. பிறகு போன். பிறகு கவனிக்கவில்லை. சணல் அறுந்து ஓடிவிட்டதோ. எகிறிக் குதித்துக் காலில் தொங்கிக்கொண்டே வந்து செத்துவிட்டதோ. செத்துவிட்டால் துணை போயாயிற்று என்று கணக்கா, ஓடிவிட்டால் துணை இல்லை என்று கணக்கா? யாரிடம் கேட்பது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பெரியகருப்பனின் துண்டும் ஒருவருடைய முழங்கையும்தான் தெரிகிறது. காதை மட்டும் பின்னால் அனுப்பி வைத்தேன். காற்று, என்ஜின், டயர் தேய்கிற கிறீச். கோழி இல்லை. அதற்குள் இலவமரத்து வளைவு வந்துவிட்டது. இதைத் தாண்டினால் முதல் கொண்டை ஊசி. இலவமரம் என்றதும் கால் தானாக பிரேக்குக்குப் போனது, ஏனென்றால் சனிக்கிழமைதோறும் இங்கேதான். சன்னாசியண்ணன் வீட்டுக்குக் கிளம்பி, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எஸ்டேட் கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்து, சரியாக இந்த மரத்தைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொள்வார். "அடடா. தம்பி, நிப்பாட்டு நிப்பாட்டு. கொடைய வச்சிட்டு வந்துட்டேன்." குடை இல்லையென்றால் வெற்றிலைப் பை. அதுவும் இல்லையென்றால் மூக்குக்கண்ணாடி. இந்த மரம் இல்லாவிட்டால் அவருக்கு மறந்தது ஞாபகமே வந்திருக்காது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இங்கே திருப்ப இடமும் கிடையாது, ரிவர்சிலேயே மேலே அகலமான இடம் வரைக்கும் போய்த் திருப்புவேன். "கோவிச்சுக்காத தம்பி, கோவிச்சுக்காத" என்று எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். இன்றைக்கு அந்த சீட் காலியாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன். கை பிரேக்கை இழுத்தேன். நிறுத்தியது நானா, பழக்கமா, தெரியாது.

"ஏன்யா நிப்பாட்டுன?" பெரியகருப்பன் எட்டிப் பார்த்தார். இறங்கிப் பின்னால் போனேன். முதலில் கொக்கியைத்தான் பார்த்தேன். சணல் மட்டும் தொங்குகிறது. அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. ராக்கம்மாக்கா நிமிர்ந்து பார்த்தது. அதன் மடியில், சேலை முந்தானைக்குள், கோழி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருந்தது.

"பயந்து போச்சு தம்பி. தலைகீழாத் தொங்கிக்கிட்டு வந்துச்சு. அவுத்து மடியில வச்சுக்கிட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருந்தால் அப்புறம் தைரியம் வராது. "ஐயா, வண்டி ஃபோர் வீல்ல மாட்டிக்கிருச்சு. பாலத்துலயே மாத்தியிருக்கணும், மறந்துட்டேன். ஸ்டியரிங் ஒடிய மாட்டேங்குது. ரெண்டடி பின்னாடி எடுத்தாத்தான் விடும்."

"பின்னாடியா?" பெரியகருப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "உனக்குக் கிளம்பயிலயே என்ன சொன்னேன்? ஒனக்கு அறிவிருக்கா? அதெல்லாம் ஆகாது. அப்படியே மெதுவா உருட்டு."

"கொண்டை ஊசியில திரும்பாதுங்கய்யா. எல்லாரும் பள்ளத்துலதான் கெடக்கணும்."

"அப்ப எறக்கித் தோள்ல தூக்கிட்டுப் போவோம். ஏப்பா, எறங்குங்கப்பா."

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே அடிவாரம் பனைமரங்களோடு ஒரு பாய் அளவுக்குத் தெரிகிறது, தோளில் தூக்கினால் பொழுது சாய்ந்தாலும் போய்ச் சேர முடியாது. இறங்க யாரும் அசையவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. சொன்ன வாயைத் தேடி உயிர் கேட்டு வந்துவிட்டால்? எல்லாருக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. எனக்கும்தான். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இலவமரத்தைப் பார்த்தேன். ராக்கம்மாக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் பல சனிக்கிழமை இந்த வண்டியில் வந்திருக்கிறது.

"இது அந்த மரந்தானே தவசி?" என்றது.

"ஆமாக்கா."

"கொடைய விட்டுட்டு வந்துட்டோம்." ராக்கம்மாக்கா பாயின் மேல் கை வைத்தது. உள்ளே கிடப்பவரின் தோள் இருக்கிற இடம் அது. "குடிசையில கூரை வளையில மாட்டினது மாட்டினபடி கெடக்கு. அதான் கேக்குறாரு. இந்த மனுசன் என்னைக்கு ஒரே போக்கா வீடு வந்து சேந்தாரு? பாதி வழி வந்துட்டு, திரும்பி ஒரு பார்வை பாத்துட்டுத்தான் வருவாரு. இன்னைக்கு மட்டும் நேரா வாய்யான்னா வருவாரா? நீ பின்னாடி எடு தம்பி. ரெண்டடி போயிட்டு வரட்டும், மனசு ஆறும்."

"தாயி, வெளையாட்டு இல்ல இது. உசுரக் கேக்கும்," என்றார் பெரியகருப்பன். குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"கேக்கட்டும். எங்கிட்டக் கேக்கட்டும். நாந்தானே பொண்டாட்டி, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், வேற யாரையும் தேடிப் போக வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பியது. "ஏத்தயில நீ டயரப் பாத்துக்கிட்டு நின்னப்பவே தெரியும்டா. அவரு சொல்லியிருக்காரு, சோதி மாசமா இருக்குன்னு. அது தெரிஞ்சும் ஒன்னை வரச் சொன்னேன். நான் சொல்லி வந்தவன் நீ. ஒங்கிட்ட ஒண்ணும் கேக்காது. போ, எடு."

அழுகை வந்தது, முகத்தைத் துடைக்கிறவன் மாதிரி துண்டை எடுத்துக்கொண்டேன். பெரியகருப்பன் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

கதவைச் சாத்தினேன். ஸ்டியரிங்கை நேராக்கினேன், இரண்டு கையாலும். ரிவர்ஸ். கை பிரேக்கை விடுவதற்கு முன் ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று யாராவது தட்டினால் நிறுத்திவிடலாம். யாரும் தட்டவில்லை. கிளட்சை விட்டேன். வண்டி முனகியது, ஏற்றத்தில் பின்பக்கம் மெல்ல நகர்ந்தது. கண்ணாடியில் பார்க்காமல் பின்னால் எடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஒரு அடி. இடது கை சின்ன கியரின் மேல் சும்மா கிடந்தது, நான் இழுக்கக் கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடியில் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது, குச்சி தானாகச் சரிந்து பின்னுக்கு வந்து நின்றது. இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா? முதல் கியர் போட்டேன். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. அந்த லேசு எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் இந்த லேசை வாங்கியிருக்கிறேன், எதைக் கொடுத்தேன் என்று தெரியவில்லை, கருப்பு கோயில் வளைவில் தெரியும். குச்சி அசைந்தது, அப்படியென்றால் பிள்ளை. இல்லை, பின்னால் எடுத்தேன், அப்படியென்றால் பிள்ளை. "எங்கிட்டக் கேக்கட்டும்" என்று ராக்கம்மாக்கா சொன்னது காதில் விழுந்திருக்குமா, விழ வேண்டியவர்களுக்கு. முதல் கொண்டை ஊசி ஒரே வீச்சில் வந்தது. அடுத்ததும். சீக்கிரம் போகவும் வேண்டும், அந்த வளைவு வராமலே இருக்கவும் வேண்டும். வந்துவிட்டது. வேல் கம்புகளும் மஞ்சள் துணியும் தெரியும்போதே சட்டைப் பையில் போன் துடித்தது. ஓரங்கட்டினேன். பெயரைப் பார்த்தேன். அத்தை இல்லை. சோதி. அவளே கூப்பிடுகிறாள் என்றால் பேசுகிற நிலையில் இருக்கிறாள். பேசுகிற நிலையில் இருந்துகொண்டு எதைச் சொல்லக் கூப்பிடுகிறாளோ. காதில் வைத்தேன்.

"ஏங்க, இருக்கீங்களா? எத்தனை தடவை அடிக்கிறது?"

"இருக்கேன். சொல்லு."

"அசைஞ்சிருச்சுங்க. இனிப்பா ஜூஸ் குடுத்து எடது பக்கமாப் படுக்கச் சொன்னாங்க. ரெண்டு மூணு உதை. துடிப்பும் நல்லாயிருக்குன்னாங்க. இருந்தாலும் ராத்திரி இங்கயே இருக்கச் சொல்றாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, நீங்க வாங்க."

எப்போது அசைந்தது என்று கேட்க வாயெடுத்தேன். எந்த நேரம், இலவமரத்துக்கு முன்னாலா, பின்னாலா. கேட்கவில்லை. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன்.

"என்ன சத்தத்தையே காணோம்? அழுகுறீங்களா?"

"இல்ல. வந்துடுறேன்."

"என்ன லோடு இன்னைக்கு? எறக்கிட்டு வர நேரமாகுமா?"

"லோடு இல்ல." கண்ணாடிக்குப் பின்னால் ராக்கம்மாக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "சன்னாசியண்ணனை வீட்டுல விடப் போறேன்."

"ஆமால்ல, சனிக்கிழமை." காலையிலிருந்து பயந்து கிடந்தவள், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அதான் இவ்வளவு நேரம். இன்னைக்கு என்னத்த மறந்தாராம்?"

"கொடைய."

"திரும்பிப் போனீங்களாக்கும்?"

"கொஞ்சம் பின்னாடி எடுத்தோம்."

"பாவம்ங்க. அவரைத் திட்டாதீங்க."

"இல்ல" என்றேன். "திட்டல."